நீல மூடி

அந்த எலிக்கு முழங்கால் தேய்ந்து காலியாகியிருந்தது.

எலும்பு இருந்தது, தசை இருந்தது. இரண்டு எலும்பும் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் மெத்தை போட்ட மாதிரி குருத்தெலும்பு என்று ஒன்று இருக்க வேண்டுமே, அதைத்தான் காணோம். சாயம் தோய்த்த ஸ்லைடில் அது செக்கச்செவேலென்று ஒரு பட்டையாகத் தெரிய வேண்டும். இங்கே எலும்பின் முனை மொட்டைத் தலை மாதிரி வெறிச்சென்று நின்றது.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தவளுக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. மிருக வைத்தியம் படித்துவிட்டு, வைத்தியம் பார்க்காமல், செத்த மிருகங்களின் சதையை மட்டுமே பார்க்கிற டாக்டர் அவள். லேபில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தேய்ந்த மூட்டும் தேயாத மூட்டும் அவளுக்கு அன்றாடப் பிழைப்பு. படுமோசம் என்பதற்கான மார்க்கைப் போட்டுவிட்டு ஸ்லைடை எடுக்கப் போனவள், பழக்க தோஷத்தில் ஒரு தடவை கீழே நகர்த்திப் பார்த்தாள்.

முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பில், ஒரு பழைய முறிவு. ஒட்டியும் ஒட்டாமலும் அரைகுறையாக நின்றுபோயிருந்தது.

கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள்.

இந்தக் காலை அவளுக்குத் தெரியும். கூண்டுக் கதவில் மாட்டி உடைந்த கால். கட்டுப் போட்டதே அவள்தான். அது நீல மூடிக் கூண்டு எலி.

"அண்ணே..." என்று வாய்விட்டுச் சொன்னாள். அறையில் யாரும் இல்லை.

*

மூடி விவகாரத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த சத்து ஒன்று. மூட்டுத் தேய்மானத்தை அது மெதுவாக்குமா என்று அந்த லேபில் அதே நோயை வரவழைத்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று கூட்டம் எலிகள். மூன்று பெரிய புட்டிகளில் மூன்று மஞ்சள் பொடிகள். நிறம், மணம், ருசி எல்லாம் ஒன்றே போல் இருக்கும்படி கலந்து வைத்திருந்தார்கள். வித்தியாசம் மூடியில் மட்டும்: வெள்ளை, கறுப்பு, நீலம். எந்தக் கூண்டுக்கு எந்தப் புட்டி என்று கூண்டிலும் அதே நிறத்தில் ஒரு சீட்டு. எந்த மூடிக்குள் என்ன இருக்கிறது என்று தீவனம் வைக்கும் அம்மாவுக்குத் தெரியாது. ஸ்லைடு பார்க்கும் பூதக்கண்ணாடிக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் கண் ஒரு பக்கமாகச் சாயும், மார்க் பொய் சொல்லும்.

தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தலைமை மேடம். இன்னொருவர் புட்டிகளை நிரப்பும் மருந்தாளர், லேபில் எல்லோருக்கும் மூடிக்காரர். தன் வயதைப் பெண்டாட்டிக்கே சொல்லாத மனுஷன் என்று கேன்டீனில் அவரைப் பற்றிப் பேச்சு. அவர் வாயிலிருந்து மூடி ரகசியத்தைப் பிடுங்குவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று.

பூதக்கண்ணாடி அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தாள். இத்தனை வருஷமாக அந்த லேபில் மூன்று மூடி என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒன்றில் மருந்தே இல்லாத வெறும் மாவு, ஒன்றில் மருந்து கொஞ்சம், ஒன்றில் மருந்து நிறைய. எந்த மருந்து வந்தாலும் இதே கதைதான். சமையலறையில் உப்பு டப்பா எங்கே இருக்கும் என்று வீட்டுக்காரிக்குத் தெரிகிற மாதிரி இது அவளுக்குத் தெரியும்.

எலிக்குக் கால் உடைந்த அன்று தீவனக்கார அம்மா ஓடி வந்து கூப்பிட்டாள். எலி அறைக்குள் கால் வைக்கக் கூடாத பூதக்கண்ணாடி, பாவம் பார்த்துப் போனாள். கட்டுப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், கண்ணில் பட்டது வேறு. வெள்ளை மூடி எலிகள் மூலையில் சுருண்டு கிடந்தன. கறுப்பு மூடி எலிகள் நொண்டி நொண்டி நடந்தன. நீல மூடி எலிகளோ பின்னங்காலில் எழுந்து நின்று கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா டாக்டரம்மா, எல்லாம் என்ன ஆட்டம் போடுதுங்க!" என்றாள் தீவனக்கார அம்மா. "உங்க மருந்தை எனக்கும் ரெண்டு ஸ்பூன் குடுங்க. மாடிப்படி ஏறினா உயிர் போகுது."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பு வரவில்லை. நீலம்தான் மருந்து நிறைய என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். அந்த முடிச்சுக்குள் முதலில் வந்து மாட்டிய முகம் அண்ணனுடையது.

அண்ணன் தரை போடுகிற மேஸ்திரி. அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தது அவர்தான். பத்து விரலையும் சிமென்ட் தின்று, இரண்டு முட்டியும் கல்லில் தேய்ந்து, ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வங்கி என்று எல்லாத் தரையிலும் முட்டி போட்டே தவழ்ந்து வந்தவர். அவர் தரையில் இருந்ததால்தான் இவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது இரண்டு பேருக்குமே தெரியும். இரண்டு பேருமே அதைப் பேசியதில்லை.

இப்போது அந்த முட்டி மடங்க மறுத்தது. மடங்கினால் நிமிர மறுத்தது. "இனிமே தரை வேலை வேணாங்க, ஆபரேஷன் பண்ணி முட்டியை மாத்திக்குங்க" என்று டாக்டர் சொன்ன அன்று அண்ணன் வெளியே வந்து படியில் உட்கார்ந்தவர், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "வேற என்ன குட்டி எனக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் ஒருநாள் சாயங்காலம், எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த சந்தடியில், அவள் நீல மூடியைத் திறந்தாள்.

*

"இது என்னடி, எலி மருந்தா?" என்றார் அண்ணன் டப்பாவை முகர்ந்து பார்த்து.

"எலிக்குக் குடுக்கிற மருந்து. எலியைக் கொல்ற மருந்து இல்ல."

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு வார்த்தைதான் வித்தியாசம். பாத்து" என்றாள் அண்ணி, அடுப்பைத் துடைத்துக்கொண்டே.

அவள் தரையில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து விளக்கினாள். "உன் முட்டிக்குள்ள மெத்தை மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அதுல சின்னதா அடி பட்டா உடம்பு மணியடிச்சு ஆள் கூப்பிடும். வர்ற ஆளுங்க ரிப்பேர் பண்றோம்னு சொல்லிக்கிட்டு மெத்தையையே கரைச்சுத் தின்ன ஆரம்பிச்சிடுவாங்க. வீக்கம், வலி எல்லாம் அதனாலதான். மெத்தை கரையக் கரைய உடம்பு இன்னும் மணியடிக்கும், இன்னும் ஆள் வரும்."

"நம்ம கான்ட்ராக்டர் அனுப்புற ஆளுங்க மாதிரின்னு சொல்லு. ஒரு டைல்ஸ் மாத்த வந்து நாலு டைல்ஸை உடைச்சிட்டுப் போவானுங்க."

"அதேதான். இந்தப் பட்டைச் சத்து அந்த மணியைப் போட்டு அமுக்கிடும். போனது திரும்ப வராது அண்ணே. இருக்கிறது தேயுறது மெதுவாகும். அவ்வளவுதான்."

மெதுவாகும் என்றுதான் சொன்னாள். ஆனால் மருந்து மெதுவாக எதையும் செய்யவில்லை. ஒரு வாரத்துக்குள் அண்ணன் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினார். கைத்தடியைப் பரண் மேல் வீசினார். 'மேஸ்திரி முடிஞ்சுட்டாரு' என்று பேசிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் வாயைப் பிளக்க, ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் தரை முழுவதையும் பேசி எடுத்தார். காலை முதல் பொழுது சாயும் வரை முட்டி போட்டார். பசி வேறு காட்டுப் பசி. முகம் உருண்டு, கன்னம் பூரித்து, ஆளே மினுமினுத்தார்.

"உங்க அண்ணன் புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டாரு. எனக்கே சந்தேகமா இருக்கு" என்று அண்ணி கண்ணைச் சிமிட்டினாள்.

மெதுவாக்குகிற மருந்து ஆளை ஓட வைக்கிறதே என்று அங்கேயே அவள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதிர்ஷ்டம் வீடு தேடி வரும்போது யார் அடையாள அட்டை கேட்கிறார்கள்? மாதக்கணக்கில், டப்பா காலியாகக் காலியாக நிரப்பினாள். நீலப் புட்டி மட்டும் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தது. "மருந்தைக் கீழ கொட்டிக் குப்பையா ஆக்குறியா?" என்று மூடிக்காரர் தீவனக்கார அம்மாவை எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார். பூதக்கண்ணாடி அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்து மேஜையில் குனிந்திருந்தாள். நிமிரவில்லை.

ஸ்லைடில் இருக்கும் ஓர் உயிரணுவைப் பார்க்கிற கண்ணுக்கு எதிரே இருக்கிற மனுஷ முகம் தெரியவில்லை.

*

இன்று தெரிந்தது. நீல மூடி எலிக்கு முட்டியில் ஒன்றும் மிச்சமில்லை.

மருந்து அளவுக்கு மிஞ்சிவிட்டது, அதனால் விஷமாகிவிட்டது என்று அவள் கணக்குப் போட்டாள். வலியை மறக்கடித்திருக்கிறது, வலி தெரியாத எலி ஓடி ஓடித் தானே மூட்டைத் தேய்த்துக்கொண்டது. முட்டி போட்டு முட்டி போட்டு அண்ணன் என்ன செய்துகொண்டிருக்கிறார்?

பையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்துக் கழுவுமிடத்தில் கவிழ்த்தாள். தண்ணீரைத் திருகிவிட்டாள். மஞ்சள் சுழன்று சுழன்று ஓட்டைக்குள் இறங்கியது.

"ஏய், ஏய்! என்ன பண்ற?" அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார்.

"மருந்து கெட்டுப்போச்சு. இனிமே ஒரு துளி சாப்பிடக் கூடாது."

"கெட்டா வேற கொண்டா. மண்டபத் தரை பாதியில நிக்குது குட்டி. மேடைப் பக்கம் ஒரு கல்லு போடல."

"வேற இல்ல."

"அளவைக் குறைச்சாவது..."

"இல்லன்னு சொல்றேன்ல!"

அவள் கத்தியதில் அண்ணி அடுப்பை விட்டுத் திரும்பினாள். இந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி விடு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

ஒரு பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் வீடு திரும்பினாள். உண்மையில் அப்போதுதான் அதன் திரியில் நெருப்பு வைத்திருந்தாள்.

*

அந்த வாரம் முடிவதற்குள் அண்ணன் மண்டபத் தரையில் விழுந்தார்.

முதலில் அசதி. அப்புறம் வாந்தி. 'வலி திரும்பிடுச்சு, அதான்' என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார். பூசிய சிமென்ட் காய்வதற்குள் கல்லைப் பதிக்க வேண்டும் என்று குனிந்தவர், அப்படியே அந்த ஈரச் சிமென்டில் முகம் குப்புறச் சாய்ந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவர் கன்னத்தில் சிமென்ட் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அண்ணி தன் முந்தானையை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் சலைன் ஏறியது. டூட்டி டாக்டர் இளைஞன், கண்ணில் தூக்கமில்லை.

"பிரஷர் ஏற மாட்டேங்குது. இவ்வளவு தண்ணி ஏத்தியும் கீழேயே போகுது. சர்க்கரையும் இறங்குது" என்றான். பிறகு அண்ணன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முழங்கையில் காரணமில்லாமல் கன்றியிருந்த ஊதா அடையாளங்களைத் தொட்டான். "முகம் எப்பவுமே இப்படித்தான் உருண்டையா இருக்குமா?"

"இப்பத்தான் சதை போட்டாரு" என்றாள் அண்ணி.

"ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டாரா? நாட்டு மருந்து, பொடி, லேகியம்... அதுல கலந்திருப்பாங்க. திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும்."

அண்ணி மெதுவாகத் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள்.

"நான் டாக்டர்தான்" என்றாள் பூதக்கண்ணாடி. "மிருக டாக்டர். ஆராய்ச்சியில இருக்கேன். அவருக்கு நான்தான் ஒரு பொடி குடுத்தேன். மரப்பட்டைச் சத்து. சுத்தமானது, எங்க லேப்லயே தயாரிச்சது. அதுல ஸ்டீராய்டு கிடையாது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

படித்தவள், அதுவும் ஆராய்ச்சியில் இருப்பவள், கண்ணைப் பார்த்துச் சொல்கிறாள். டாக்டர் தலையாட்டினான். "அப்ப ஹார்ட்டாத்தான் இருக்கணும். இல்ல ரத்தத்துல கிருமி" என்று சொல்லிக்கொண்டே இதய மெஷினைக் கொண்டுவரச் சொல்லி நர்ஸை விரட்டினான்.

அவள் வெளியே நடையில் வந்து சுவரில் சாய்ந்தாள். எதிரே ஒரு வீல்சேரில் யாரோ ஒரு பெரியவர் கொட்டாவி விட்டார்.

உருண்டை முகம். காட்டுப் பசி. தொட்டால் கன்றுகிற தோல். அந்த எலியின் கால் ஏன் அத்தனை நாளாகியும் ஒட்டவில்லை? எலும்பை ஒட்டவிடாமல் தடுப்பது எது? வீக்கத்தை ஒரே அமுக்காக அமுக்கி, ஆளை ஆட வைத்து, உள்ளே இருந்து எலும்பையும் மெத்தையையும் அரிப்பது எது? கல்லூரி முதல் வருஷத்திலேயே படித்த பாடம்.

அவள் விரல் மடக்கி எண்ணினாள்.

மூன்று மூடி. வெறும் மாவு, மருந்து கொஞ்சம், மருந்து நிறைய. அப்படி என்று அவளிடம் யார் சொன்னார்கள்? யாருமே சொல்லவில்லை.

*

மூடிக்காரர் இரண்டாவது முயற்சியில்தான் போனை எடுத்தார்.

"சார், நீல மூடியில என்ன இருக்கு?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "என்ன பூதக்கண்ணாடி மேடம், என்னை டெஸ்ட் பண்றீங்களா? தலைமை மேடம் பக்கத்துல நிக்கிறாங்களா?"

"விளையாடல சார். நீலம் என்ன?"

"நீங்க இன்னும் பாதி ஸ்லைடுகூடப் படிக்கல. இப்ப சொன்னா இத்தனை எலியும் செத்தது வீண். எல்லாம் படிச்சு முடிங்க, நானே வந்து சொல்றேன். அப்பத்தான்..."

"சார், என் அண்ணன் அதைச் சாப்பிட்டாரு."

"எதை?"

"நீலத்தை. நான்தான் எடுத்தேன். நான்தான் குடுத்தேன். மாசக்கணக்கா. இப்ப நிறுத்திட்டேன். இங்க ஆஸ்பத்திரியில உயிருக்குப் போராடிட்டு இருக்காரு."

அந்த மனுஷனுக்கு ஆயுசில் முதல் தடவையாக ரகசியத்தைச் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"நான் அந்தத் தீவனக்கார அம்மாவைத் திட்டினேனே..." என்றார் சம்பந்தமில்லாமல்.

"சார்! என்னது அது?"

"ஸ்டீராய்டு" என்றார். "ஒப்பிட்டுப் பாக்கணும்னு தலைமை மேடம் கடைசி நேரத்துல சேர்த்தாங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாங்க. ஏன்னா நீங்க கெட்டிக்காரங்க, கண்டுபிடிச்சிடுவீங்களாம்."

மிச்சத்தை அவள் கேட்கவில்லை. போன் காதில் இருக்கும்போதே கால் ஓடியது. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். அண்ணன் மார்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தான் டாக்டர்.

"ஸ்டீராய்டுதான். நான் சொன்னது தப்பு. ஸ்டீராய்டுதான், அதையே ஊசியாப் போடுங்க, சீக்கிரம் போடுங்க!"

டாக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தது ஒரு வினாடிதான். அந்த ஒரு வினாடியை அவள் சாகும்வரை மறக்கப் போவதில்லை. பிறகு அவன் நர்ஸிடம் திரும்பி ஊசியின் பெயரைச் சொன்னான். 'நிச்சயமா' என்று அவள் சொன்னதிலிருந்து இதுவரை வீணாய்ப் போன நேரத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மருந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் பிரஷர் ஏறத் தொடங்கியது. அண்ணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். மேஸ்திரி பெண்டாட்டிக்கு இருக்கும் பழக்கம், அழும்போதுகூடக் கை தரையின் கல் இடுக்கைத் தடவிக்கொண்டிருந்தது.

*

அண்ணன் பிழைத்தார். பிழைத்ததுதான், வாழ்ந்ததாகச் சொல்ல முடியாது.

படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு முட்டியிலும் எலும்போடு எலும்பு. அது போதாதென்று இடுப்பு எலும்பின் உருண்டை முனைக்கு ரத்தம் போகாமல் ஒரு பக்கம் செத்துப் போயிருந்தது. ஸ்டீராய்டு அதையும் தின்றிருந்தது. மண்டபத்தின் பாக்கித் தரையை வேறு ஒரு மேஸ்திரி முடித்தார்.

லேபில் விசாரணை நடந்தது. பூதக்கண்ணாடி எதையும் மறைக்கவில்லை. மறைப்பதற்குத் தெம்பு இல்லை. தலைமை மேடம் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மேஜை மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு பேசினார்.

"கறுப்பு மூடிதான் பட்டைச் சத்து. நீ படிச்ச வரைக்கும் பாத்தேன். அந்தக் கூட்டத்துல தேய்மானம் ரொம்பக் குறைவு. நீயே போட்ட மார்க். நொண்டி நொண்டி நடந்தாலும் மெத்தை நின்னிருக்கு."

அவளுக்கு அந்த ஸ்லைடுகள் ஞாபகம் வந்தன. மெலிந்தாலும் அறுபடாமல் ஓடிய சிவப்புப் பட்டை. ஆட்டம் போடாத, மினுமினுக்காத, மெதுவாக வேலை செய்த மருந்து. அன்று நொண்டுகிறதே என்று அவள் கண்ணெடுத்துப் பார்க்காமல் விட்ட கூண்டு.

"அப்ப வேற யாரையாவது வச்சு ஸ்லைடைப் படிக்கச் சொல்லலாமே மேடம். என்னை வேணா வெளிய அனுப்பிடுங்க. மருந்து வேலை செய்யுதுல்ல?"

"செய்யுதான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மேடம். "நீலம் தீர்ந்துபோற நாளெல்லாம் கேட்டா திட்டு விழுமேன்னு பயந்து, அந்த அம்மா கைக்குக் கிடைச்ச புட்டியிலேர்ந்து எடுத்து வச்சிருக்கா. கறுப்பை நீலக் கூண்டுக்கு. அப்புறம் கறுப்பு குறைஞ்சா வெள்ளையைக் கறுப்புக் கூண்டுக்கு. எல்லாம் ஒரே மஞ்சள்தானேன்னு அழறா. எந்த எலி எதைத் தின்னுச்சுன்னு இனி கடவுளுக்குத்தான் தெரியும். பணம் போட்டவங்க கையைக் கழுவிட்டாங்க. எலி அறையைப் பூட்டச் சொல்லியாச்சு."

தீவனக்கார அம்மாவை முந்தின நாளே அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். பூதக்கண்ணாடி எழுந்து நின்றாள். மன்னிப்பு என்ற சொல் அந்த அறைக்குச் சின்னதாகப் பட்டது. சொல்லாமலே வெளியே வந்தாள்.

*

இப்போது அவள் தினமும் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். போவது அவளாக எடுத்த முடிவு அல்ல, அண்ணியின் உத்தரவு.

விஷயம் இதுதான். இத்தனை மாதம் வெளியிலிருந்து வந்த மருந்தை நம்பி அண்ணனின் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிட்டது. ஆகவே அதே ஸ்டீராய்டை மாத்திரையாக அவருக்குக் கொடுத்தாக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சட்டென்று நிறுத்தினால் உயிர் போகும். கொடுத்துக்கொண்டே இருந்தால் மிச்ச எலும்பும் போகும். இரண்டுக்கும் நடுவில் கம்பி மேல் நடக்கிற மாதிரி ஒரு வழி.

"நீதானே ஆரம்பிச்சு வச்ச? நீயே வந்து குடு. நான் பக்கத்துல நின்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டாள் அண்ணி. அதற்குப் பிறகு அவளிடம் வேறு பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

அண்ணன் ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இரும்புக் கைத்தாங்கி. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் அவள் தோளில் பாதிப் பாரத்தைப் போட்டு எழுவார். அப்போது அவர் இடுப்புக்குள் எலும்பு நறநறப்பது அவள் காதுக்கே கேட்கும்.

ஒருநாள் காலை திடீரென்று கேட்டார். "அந்த நல்ல மருந்து... எந்த மூடின்ன?"

"கறுப்பு."

"அது கொஞ்சம் கெடைக்குமா?"

"இல்ல அண்ணே. எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க."

"எனக்குன்னு கேக்கலடி. எனக்குத்தான் எல்லாம் போச்சே." அவர் தன் முட்டியைத் தட்டினார், காலிப் பானையைத் தட்டுவது போல. "என் கூட வேலை செய்யுறானுங்களே, அவனுங்க எல்லாம் இப்பத்தான் நொண்ட ஆரம்பிச்சிருக்கானுங்க. அவனுங்களுக்காவது..."

"இப்போதைக்கு யாருக்கும் இல்ல."

"ம்" என்றார் அண்ணன். வெளியே பார்த்தார். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவள் மாத்திரையைப் பட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தாள். அண்ணன் அது என்னவென்று பார்க்கவில்லை. எத்தனை என்று கேட்கவில்லை. நீல மூடிக் காலத்தில் செய்தது போலவே வாயைத் திறந்து காட்டினார். அந்தத் திறந்த வாயைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

சமையலறை வாசலிலிருந்து அண்ணி வந்தாள். நாத்தனாரின் கையிலிருந்து மாத்திரைப் பட்டையைப் பிடுங்கி, புரட்டிப் பார்த்து, அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பேரைப் படி."

அவள் படித்தாள்.

"எனக்குக் கேக்கல. சத்தமா."

சத்தமாகப் படித்தாள். அண்ணி அளவையும் படிக்கச் சொன்னாள். அதையும் படித்தாள். அதன் பிறகுதான் அண்ணி தண்ணீர் டம்ளரைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

அண்ணன் இன்னும் வாயைத் திறந்தபடியே காத்துக்கொண்டிருந்தார்.